ஒன்றரை அடி நிலமும் ஒரு ரோமாபுரிச் சாமியும்

ஜூபிடர் எனக்குக் கிடைக்கவில்லை. மார்ஸும் கிடைக்கவில்லை. ரோமாபுரிப் புராணங்களை வைத்து ஓர் இணைய விளையாட்டைச் செய்யும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தபோது, இடியும் மின்னலும் கையில் வைத்திருந்த சாமிகளையெல்லாம் சீனியர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். கடலுக்குரிய நெப்டியூனையாவது கேட்டுப் பார்த்தேன். சாயல்குடிக் கடற்கரைக்குப் பக்கத்தில்தானே இருக்கிறேன் என்று காரணமும் சொன்னேன். பெங்களூரில் இருந்த எங்கள் தலைமை வடிவமைப்பாளர் சிரித்துவிட்டு, மிச்சமிருந்த சாமிகளின் பட்டியலை எனக்கு அனுப்பிவைத்தார். கதவுக் கீலுக்கு ஒரு சாமி, பயிரில் விழும் துரு நோய்க்கு ஒரு சாமி, எருக்குழிக்கு ஒரு சாமி. கடைசி வரியில் எல்லைக்கல்லுக்கு ஒரு சாமி. பெயர் டெர்மினஸ்.

உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து, ஆளுக்கொரு வேடம் கட்டிக்கொண்டு, ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடும் விளையாட்டு அது. அதில் அவர்கள் செய்து முடிக்க வேண்டிய சின்னச் சின்ன வேலைகளைக் குவெஸ்ட் என்போம். குவெஸ்ட்டுகளை எழுதுவதுதான் என் பிழைப்பு. ஆயிரக்கணக்கான பேர் கூடி ஆடப்போகும் ஒன்றை, நாள் முழுக்க ஒரு மனிதனோடும் பேசாமல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். காலையில் மீட்டிங்கில் வாயைத் திறந்தால் முதல் வார்த்தை கரகரவென்று வரும். முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு அந்தத் தொண்டைக்கு வேலையே இருந்திருக்காது.

கொரோனா சமயத்தில் சென்னையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்தவன் நான். கல்யாணம் நடந்தது, நிலைக்கவில்லை. அது வேறு கதை. அய்யாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். வீட்டில் பாதி எனக்கு, பாதி அண்ணனுக்கு. நடுவில் பூசாத செங்கல் சுவர். பாகம் பிரித்தபோது அடுப்படி அண்ணன் பக்கம் போய்விட்டது. மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கும் அறை எனக்கு வந்தது. அதில்தான் கேஸ் அடுப்பும் என் கம்ப்யூட்டர் மேஜையும். மூட்டைகள் போய் எத்தனையோ வருடமாகியும் வெயில் ஏறினால் சுவரிலிருந்து காரம் கிளம்பும். முக்கியமான மீட்டிங்கிலெல்லாம் தும்மித் தொலைப்பேன்.

ஊரில் என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு ஆரம்பத்தில் உண்மையைச் சொன்னேன். ஆன்லைன் கேம் என்றதும் முகம் மாறும். டீக்கடைக்காரர் ஒருநாள் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "இந்த ரம்மி ஆடி எத்தன குடும்பம் அழிஞ்சு போச்சு, நமக்கு எதுக்குத் தம்பி இந்தப் பாவம்?" என்றார். சீட்டாட்டம் இல்லை, சாமி கதை என்றேன். சாமியை வைத்துமா சூதாடுகிறார்கள் என்று அவர் இன்னும் மிரண்டுபோனார். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனும் மதினியும். பிள்ளைகள் இருவரும் மதுரையில் படிக்கிறார்கள். அண்ணன் இருமுவது எனக்குக் கேட்கும். மதினி குக்கரில் எத்தனை விசில் விடுகிறாள் என்பதை வைத்து, அன்றைக்குப் பருப்பா கறியா என்று சொல்லிவிடுவேன். ஆனால் ஐந்து வருடமாக நானும் அண்ணனும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தப்பு என்னுடையது. அதை எழுதவே இத்தனை பத்தி சுற்றி வந்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். ஊரிலிருந்து முதுகுளத்தூர் போகும் சாலையோரம் எங்களுக்குக் கரிசல் நிலம் உண்டு. அய்யா இருக்கும்போதே அதை இரண்டாகப் பிரித்து, கயிறு பிடித்து அளந்து, நடுவில் ஒரு கல்லை நட்டிருந்தார். நான் சென்னையில் இருந்த வருடங்களில் என் பங்கைத் தொடவில்லை. திரும்பி வந்து பார்த்தால் என் பக்கம் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அண்ணன் பக்கம் மிளகாய் செழித்து நின்றது. என் பக்கம் குறுகிப்போனது போல எனக்குத் தோன்றியது. முள் மண்டினால் நிலம் சிறுத்துத்தான் தெரியும் என்பது விவசாயிக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. சர்வேயருக்கு மனு கொடுத்தேன். அளக்க வந்த அன்று, சர்வேயர், தலையாரி, பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லோரும் நிற்கும்போது, "அண்ணன்தான் கல்லைத் தள்ளி நட்டிருக்காரு" என்று சொன்னேன்.

சர்வேயர் வரைபடத்தை விரித்து, சங்கிலியைப் போட்டு, இரண்டு தடவை அளந்தார். பிறகு என்னைப் பார்த்து, "கல்லு உங்க அண்ணன் நிலத்துக்குள்ள ஒன்றரை அடி தள்ளி நிக்கிது சார். இத்தன வருசமா உங்களுக்குத்தான் கூட இருந்திருக்கு" என்றார். யாரோ சிரித்தார்கள். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துபோய்விட்டார். அன்றைக்கே பின்னால் ஓடிப்போய்க் கையைப் பிடித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். எனக்கு வெட்கம். வெட்கம் நாலு நாளில் வீம்பாக மாறியது. மூத்தவர்தானே, அவரே ஒரு வார்த்தை பேசினால் என்ன என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன். அதற்குப் பிறகு அந்த நிலத்துப் பக்கமே நான் போகவில்லை.

இப்படிப்பட்டவனுக்கு எல்லைக்கல் சாமி வந்து சேர்ந்தது.

டெர்மினஸைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு அவரைப் பிடித்துப்போனது. ஜூபிடருக்குப் பெரிய கோயில் கட்ட இடம் வேண்டுமென்று அங்கிருந்த சின்னச் சாமிகளிடம் உத்தரவு கேட்டார்களாம். எல்லாச் சாமியும் சரி என்று நகர்ந்துகொண்டது. டெர்மினஸ் முடியாது என்றுவிட்டார். வேறு வழியில்லாமல் அவர் கல்லை உள்ளே வைத்தே கோயிலைக் கட்டி, அவருக்கு வானம் தெரியும்படி கூரையில் ஓர் ஓட்டை விட்டார்களாம். இப்படிப்பட்ட பிடிவாதக்காரர்களை எங்கள் தாலுகாவில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு வருடம் ஒரு திருவிழா. நம் மாசி மாதத்தில் வரும். கல்லுக்கு இந்தப் பக்கத்து நிலக்காரன் இந்தப் பக்கமிருந்து வருவான், அந்தப் பக்கத்து நிலக்காரன் அந்தப் பக்கமிருந்து வருவான். இருவரும் அவரவர் பக்கத்தில் ஒரு மாலை போடுவார்கள். பிறகு இரண்டு குடும்பமும் அங்கேயே உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடும். அவ்வளவுதான் திருவிழா. இதைப் படித்த அன்று சாயங்காலம் வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை. அந்தக் குவெஸ்ட்டை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். முன்பின் தெரியாத இரண்டு ஆட்டக்காரர்கள் ஒரு கல்லின் இரண்டு பக்கமும் வந்து நிற்க வேண்டும். ஆளுக்கொரு மாலை கொண்டுவர வேண்டும். வந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் மாலை போட்டு, சேர்ந்து உண்ண வேண்டும். தவறினால் குவெஸ்ட் தோல்வி.

இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள் சரி, யார் முதலில் தொடங்குவது? புத்தகங்களில் அதற்குப் பதில் இல்லை. எனக்கோ அதில் சந்தேகமே வரவில்லை. எங்கள் பக்கம் பங்காளிகளுக்குள் மனத்தாங்கல் இருந்தால், இளையவன் வீடு தேடிப் போய் மூத்தவரை அழைக்க வேண்டும். மூத்தவர் அழைப்பில்லாமல் வரமாட்டார், வரவும் கூடாது. சாவுக்கு மட்டும்தான் சொல்லாமல் போவது. அதை அப்படியே விதியாக எழுதினேன். விளையாட்டில் யாருடைய அக்கவுண்ட் முதலில் தொடங்கப்பட்டதோ அவர் மூத்தவர். இளையவர் அழைக்கும்வரை மூத்தவரால் மாலையைக் கையில் எடுக்கவே முடியாது. இதை எழுதியபோது சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருமிக்கொண்டுதான் இருந்தார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மார்கழியில் குவெஸ்ட் சோதனைக்குப் போனது. சென்னையில் டெஸ்டர்கள் இரண்டிரண்டு பேராக ஆடினார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லுக்கு இந்தப் பக்கம் ஒருவர் வந்தார். அந்தப் பக்கம் ஒருவர் வந்தார். நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். பத்து நிமிடம் முடிந்து குவெஸ்ட் தோற்றது. அடுத்த ஜோடியும் அப்படியே. அதற்கடுத்த ஜோடியில் ஒருவர் பொறுமையிழந்து கல்லைச் சுற்றிச் சுற்றி ஓடினார். அன்றைக்கு ஒரு ஜோடிகூட மாலை போடவில்லை.

மறுநாள் மீட்டிங்கில் தலைமை வடிவமைப்பாளர் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். டெஸ்டர்களின் அக்கவுண்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மொத்தமாக உருவாக்கியிருந்தார்கள். யாரும் யாருக்கும் மூத்தவரில்லை. அப்படிச் சமமாக வந்தால் என்ன செய்வது என்று நான் ஒரு வரி எழுதியிருந்தேன். அதை அவர் வாசித்துக் காட்டினார். இருவரும் சமமென்றால் இருவரையும் மூத்தவராகக் கொள்ளவும்.

"இதுதான் பிரச்சனை. ரெண்டு பேருமே மூத்தவங்க. ரெண்டு பேருமே மத்தவர் கூப்பிடட்டும்னு நிக்கிறாங்க," என்றார்.

"ஆமா," என்றேன்.

"ஏன் அப்படி எழுதினீங்க? ரெண்டு பேரையும் இளையவங்களா வச்சிருந்தா, ரெண்டு பேருமே கூப்பிட்டிருப்பாங்களே?"

அவர் குறையாகக் கேட்கவில்லை. வேலையாகத்தான் கேட்டார். ஒருவன் தானாக இறங்கிப் போவான் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை என்று எப்படிச் சொல்வது? நெட் சரியில்லை என்று பொய் சொல்லி இணைப்பைத் துண்டித்தேன். அந்த அறையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அழும்போதும் தும்மல் வந்தது.

திருத்தம் ஒரே ஒரு சொல்தான். மூத்தவர் என்ற இடத்தில் இளையவர் என்று மாற்ற வேண்டும். அதை மாற்ற எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வேறு வேலை இருக்கிறது என்று தள்ளிப்போட்டேன். எருக்குழிச் சாமிக்கு யாரும் கேட்காத நாலு குவெஸ்ட் எழுதிக் கொடுத்தேன்.

இடையில் தை அமாவாசை வந்தது. வழக்கம்போல அய்யாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க ராமேஸ்வரம் கிளம்பினேன். விடியற்காலைப் பஸ்ஸில் முன் சீட்டில் அண்ணனும் மதினியும். பின்னால் நான். ஏர்வாடி, கீழக்கரை, ராமநாதபுரம், பாம்பன் பாலம் என்று அத்தனை தூரமும் அண்ணனின் பிடரியையே பார்த்துக்கொண்டு போனேன். முடி நன்றாக நரைத்திருந்தது. அக்னி தீர்த்தக் கரையில் இருபது அடி தள்ளி உட்கார்ந்தோம். ஐயர் என்னிடம் அப்பா பெயர், தாத்தா பெயர், கொள்ளுத்தாத்தா பெயர் கேட்டார். சொன்னேன். அதே மூன்று பெயர்களை இருபது அடி தள்ளி அண்ணனும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே தகப்பனுக்கு இரண்டு இடத்தில் எள்ளும் தண்ணீரும் இறைத்தோம். அவ்வளவு கூட்டத்தில் என்னைப் போல் தனியாக யாரும் இல்லை என்று பட்டது. திரும்பும்போது வேண்டுமென்றே அடுத்த பஸ்ஸில் வந்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தச் சொல்லை மாற்றினேன்.

மறு சோதனையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டுக்கொண்டார்கள். மாலை போட்டார்கள். கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தின்றார்கள். தலைமை வடிவமைப்பாளர் கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் அனுப்பினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல ஆள்தான் இல்லை.

மாசியில் ஒரு காலை, சாயல்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு சம்பங்கி மாலை வாங்கிக்கொண்டு நிலத்துக்குப் போனேன். என் பக்கமாகத்தான் போக வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன், திருவிழா விதி அப்படி. கருவேலத்துக்குள் நுழைந்து, கையெல்லாம் கீறி, சட்டை கிழிந்து, எல்லைக்கு வந்து நின்றேன்.

அங்கே இரண்டு கல் இருந்தன. ஒன்று அய்யா நட்ட பழைய கல். இன்னொன்று சர்வேயர் நட்டுவிட்டுப் போன எண் போட்ட கல், ஒன்றரை அடி தள்ளி என் பக்கமாக. அண்ணனின் மிளகாய்ச் செடிகள் பழைய கல்லோடு நின்றிருந்தன. இரண்டு கல்லுக்கும் நடுவே அந்த ஒன்றரை அடி, நிலத்தின் நீளம் முழுக்க, வெறும் மண்ணாகக் கிடந்தது. ஒரு முள் இல்லை, புல் இல்லை. என் கருவேலம் உள்ளே வராமல் வருடா வருடம் யாரோ வெட்டிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். யாரோ என்ன, அண்ணன்தான். சட்டப்படி அவர் மண். அதில் அவர் ஒரு விதை போடவில்லை.

மிளகாய்ப் பழம் பறித்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். வாண்ணே என்பதா, வாங்கண்ணே என்பதா என்று அந்த நொடியில் தடுமாறிவிட்டேன். கடைசியில் "அண்ணே" என்று மட்டும்தான் வந்தது.

அவர் என் சட்டையைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். "என்னலே இது?"

"கல்லுக்குண்ணே. நான் செய்யுற கேம்ல ஒரு சாமி. எல்லைக்கல்லுச் சாமி. வருசத்துக்கு ஒருக்கா ரெண்டு பக்கத்து ஆளும் வந்து மாலை போடணும்."

"சீட்டாட்டத்துல ஏதுலே சாமி?"

"சீட்டாட்டம் இல்லண்ணே."

அவர் மறுபடி குனிந்து பறிக்க ஆரம்பித்தார். நான் கொண்டுவந்தது ஒரே மாலை. கல் இரண்டு. எதற்குப் போடுவது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அண்ணன் மண் அதுவரைக்கும்தான் என்று சர்வேயர் கல்லுக்குப் போட்டேன். போட்டுவிட்டு, "தப்பு என் மேலதாண்ணே. அத்தன பேரு முன்னாடி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"கூடாதுதான்," என்றார் அண்ணன்.

"இந்த மண்ணு உன்னோடதுண்ணே. ஏன் இப்படிச் சும்மா போட்டு வச்சிருக்க?"

அவர் பழைய கல்லைக் கையால் காட்டினார். "அது அய்யா நட்ட கல்லு. கயித்தோட அந்த முனைய அன்னைக்கு நான்தான் பிடிச்சிருந்தேன். சின்னவனுக்குக் கொஞ்சம் கூட இருக்கட்டும்டான்னு சொல்லித்தான் நட்டாரு. எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவரே பிறகு, "வெயிலு ஏறுது. போ. அந்த முள்ளுக்குள்ள போகாத, இங்கன வந்து இப்படியே போ" என்று தன் வரப்பைக் காட்டினார்.

"ஞாயித்துக்கெழம மதியம் சாப்பிட வாண்ணே. மதினியையும் கூட்டிட்டு வா."

"பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை சாயல்குடி போய் நண்டு வாங்கி வந்தேன், அண்ணனுக்குப் பிடிக்கும். மூன்று பேருக்குச் சமைத்தேன். மூன்று தட்டுக் கழுவி வைத்தேன். ஒரு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. எண்ணினேன். நாலு. பருப்பு. அவர்கள் அங்கேயே சமைத்துவிட்டார்கள் என்று புரிந்தது. மூன்று மணிவரை உட்கார்ந்திருந்துவிட்டுத் தனியாகச் சாப்பிட்டேன். நண்டு நன்றாகத்தான் வந்திருந்தது.

மறுநாள் குவெஸ்ட்டைத் திறந்து அந்தப் பத்து நிமிடக் கெடுவை எடுத்துவிட்டேன். ஒருவர் அழைத்துவிட்டால் அந்த அழைப்பு அப்படியே நிற்கும், மற்றவர் எப்போது வந்தாலும் சாப்பாடு இருக்கும். தலைமை வடிவமைப்பாளர் இதை ஏற்கவில்லை. "முடியாத குவெஸ்ட் எல்லாம் ஆட்டக்காரங்க கணக்குல அப்படியே தொங்கிட்டிருக்குமே, பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை, தொங்கட்டும் என்றேன். இந்த ஒரு விஷயத்தில் டெர்மினஸ் மாதிரி நானும் நகரவில்லை. கடைசியில் விட்டுக்கொடுத்தார்.

ஆட்டம் அந்த ஆனியில் வெளியானது. எல்லைக்கல் குவெஸ்ட் பெரிதாகப் பேசப்படவில்லை. ஜூபிடரைத்தான் எல்லோரும் பேசினார்கள். பிறகு மழை வந்தது, விதைப்பு நடந்தது. அண்ணன் வரவில்லை. பேச்சும் வளரவில்லை. வாசலில் நேருக்கு நேர் பார்த்தால் "ம்" என்பார், நானும் "ம்" என்பேன்.

கார்த்திகையில் முதுகுளத்தூருக்கு ஒரு வேலையாக வண்டியில் போனபோது நிலத்தருகே நிறுத்தினேன். அண்ணன் சொன்னபடி அவர் வரப்பு வழியாகவே நடந்துபோனேன். அய்யாவின் கல் நின்ற இடத்தில்தான் நின்றது. என் மாலையின் நார் மட்டும் சர்வேயர் கல்லில் காய்ந்து சுற்றியிருந்தது. இரண்டு கல்லுக்கும் நடுவே, அந்த ஒன்றரை அடியில், நிலத்தின் நீளம் முழுக்க, விரல் உயரத்துக்கு மிளகாய்க் கன்றுகள் நின்றன. அண்ணன் தன் மண்ணில் விதைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு நண்டு கிடைக்குமா என்று சாயல்குடிக்குப் போன் போட்டேன்.